கண்ணைக் காக்க யந்திரம் உண்டு; முப்பது நாள் கூலியை யார் தருவது?

பூம்பாறைப் பூண்டின் பெருமையை நாடறியும். கொடைக்கானல் மலைப்பூண்டு என்ற பெயரில் அதற்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வடுகபட்டிச் சந்தையில் மூட்டை இறங்கியதும் வியாபாரி பூண்டைக் கையிலெடுத்துப் பார்க்கிறார்; பல்லைப் பார்க்கிறார்; தரம் பிரிக்கிறார்; விலை சொல்கிறார். பூண்டுக்கு மதிப்புப் போட ஆள் உண்டு. ஆனால் மலைச்சரிவின் படிக்கட்டு வயல்களில் குனிந்து அந்தப் பூண்டை நட்டுக் களையெடுத்துப் பிடுங்கிய பெண்ணின் கண் மங்கினால், அதைப் பார்க்க ஆள் உண்டா?

கண் மங்குகிறது என்றதும் "புரை விழுந்திருக்கும்" என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். 1976-ல் மத்திய சர்க்கார் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்றிலிருந்து கிராமம் கிராமமாகக் கண் முகாம்கள் நடக்கின்றன. லட்சோப லட்சம் ஏழைகள் மீண்டும் பார்வை பெற்றார்கள். இதை நாம் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் எல்லா மங்கலும் புரை அல்ல. கண்ணாடி போட்டும் தீராத, புரை எடுத்தும் தெளியாத மங்கல் ஒன்று உண்டு. கண்ணுக்குப் பின்னால், மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் பார்வை நரம்பில் கட்டி வளர்வதால் வருவது அது. அரிய நோய்தான். ஒரு ஊரில் ஒருவருக்குக்கூட வராமல் போகலாம். ஆயினும் அதைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறோம். ஏனென்றால், உழைக்கும் மக்களின் உடம்புக்கு இந்தச் சமுதாயம் எவ்வளவு மதிப்புப் போடுகிறது என்பதை இந்த நோய் தெளிவாகக் காட்டிக் கொடுக்கிறது.

நோய் என்ன?

பார்வை நரம்பு என்பது ஏறத்தாழ 10 லட்சம் மெல்லிய இழைகள் சேர்ந்த ஒரு கற்றை. மின்சாரக் கம்பிக்கு மேலுறை இருப்பதைப் போல அதற்கும் ஓர் உறை உண்டு. அந்த உறையிலிருந்து சிலருக்குக் கட்டி வளர்கிறது. நடு வயதுப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல. உடம்பெங்கும் பரவிக் கொல்லுவதில்லை. ஆனால் மெல்ல மெல்ல வளர்ந்து நரம்பை நெரிக்கிறது. வலி இராது. ஒரு கண்ணில் மட்டும் வெளிச்சம் குறையும். நிறம் வெளுத்துத் தெரியும். மற்றக் கண் நன்றாக இருப்பதால், வேலை ஓட்டத்தில் இருக்கும் கூலிப் பெண்ணுக்கு இது மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில்கூடத் தெரியாமலே போய்விடும்.

இன்னொரு வகை, நரம்பின் உள்ளிருந்தே வளர்வது. இது குழந்தைகளுக்கு, அதிலும் பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருகிறது. குழந்தையின் கண் மாறுகண்ணாகத் திரும்பலாம், ஆடலாம், முன்னே துருத்தலாம். உடம்பில் வெளிர் பழுப்பு நிறத்தில் பல மச்சங்கள் உள்ள குழந்தைகள் சிலருக்குப் பரம்பரையாக வரும் ஒரு கோளாறினால் இது உண்டாகிறது. இந்தக் குழந்தைகளுக்கு முதலில் மருந்துதான் கொடுக்கிறார்கள். வளரும் மூளைக்குக் கெடுதல் என்பதால் கதிர்வீச்சைக் கூடியவரை தள்ளிப் போடுகிறார்கள். சிலருக்கு வைத்தியமே தேவைப்படாமல், கண்காணித்தாலே போதும்.

உறைக் கட்டியை அறுத்து எடுத்துவிடக் கூடாதா என்று கேட்கலாம். அங்கேதான் சங்கடம் இருக்கிறது. நரம்புக்கும் அந்தக் கட்டிக்கும் இரத்தம் கொண்டுவரும் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. கட்டியை உரித்தால் நரம்புக்கு இரத்தம் நின்றுபோகும். மிச்சமிருந்த பார்வையும் போய்விடும். ஆகவேதான் பார்வை இன்னும் மிச்சமிருக்கும்போது கதிர்வீச்சு வைத்தியம் முதன்மை பெற்றது.

நோயாளியின் முகத்துக்கு அச்சுப் போல ஒரு முகமூடி செய்கிறார்கள். தலை அசையாதபடி அதை மேஜையோடு பொருத்துகிறார்கள். எம்.ஆர்.ஐ., சி.டி. படங்களை வைத்து, கட்டி எங்கே, நரம்பு எங்கே, மூளை எங்கே என்று மில்லிமீட்டர் கணக்கில் குறித்துக்கொண்டு, பல கோணங்களிலிருந்து கதிரைப் பாய்ச்சுகிறார்கள். மொத்த அளவு ஏறத்தாழ 50 முதல் 54 கிரே. கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு. இதை ஒரே நாளில் கொடுத்தால் நரம்பு பொசுங்கிவிடும். எனவே நாளொன்றுக்கு 1.8 கிரே வீதம், வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 28 முதல் 30 நாள் கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்குப் படுக்கையில் கிடப்பது சில நிமிஷங்கள்தான். காலத்தோடு செய்தால் பெரும்பாலோருக்குப் பார்வை அந்த அளவிலேயே நிற்கிறது. சிலருக்கு முன்னைவிடத் தெளிவும் உண்டாகிறது. பிற்காலத்தில் சிலருக்குக் கண் வறட்சி, விழித்திரைக் கோளாறு முதலியவை வருவதும் உண்டு. ஆகவே வைத்தியம் முடிந்தபின்னும் ஆண்டுதோறும் போய்க் காட்டிக்கொள்ள வேண்டும். பார்வை முழுவதும் அவிந்த பிறகு போனாலோ, போனது போனதுதான்.

விஞ்ஞானம் தன் கடமையைச் செய்துவிட்டது

இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தது எந்த முதலாளியும் அல்ல. ரேடியத்தை 1898-ல் கண்டறிந்த கியூரி தம்பதியர் அதைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்கவில்லை, உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். விளைவு என்ன? மற்றவர்கள் ரேடியத்தை விற்றுப் பணம் சேர்த்தார்கள். மேரி கியூரியின் சோதனைச் சாலைக்கு ஒரு கிராம் ரேடியம் வாங்க, 1921-ல் அமெரிக்கப் பெண்கள் 1 லட்சம் டாலர் வசூல் செய்ய வேண்டியிருந்தது!

1951-ல் கானடாவில் கோபால்ட் யந்திரம் வந்தது. நம் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு, 1950-களின் பிற்பகுதியிலேயே அந்த யந்திரம் வந்து சேர்ந்தது. இந்தியாவின் முதல் கோபால்ட் வைத்திய யந்திரம் அதுதான். புரோட்டான் கதிர் வைத்தியம் 1954-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கியது என்றால், சோவியத் யூனியனில் 1967-ல் துப்னாவிலும் 1969-ல் மாஸ்கோவிலும் தொடங்கியது. அணுவைப் பிளக்கும் சோதனைச் சாலைகளிலேயே நோயாளிக்கும் இடம் கொடுத்தார்கள்.

நம் பொதுத்துறை விஞ்ஞானிகளும் சளைத்தவர்கள் அல்ல. பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்நாட்டிலேயே "பாபாட்ரான்" என்ற கோபால்ட் யந்திரத்தை உருவாக்கியது. இந்தியா அதை வியட்நாமுக்கு நன்கொடையாகவும் கொடுத்தது. அதே மையம், அணு உலைக் கழிவிலிருந்து ருத்தேனியம்-106 என்ற பொருளைப் பிரித்தெடுத்து, கண்ணில் வைத்துத் தைக்கும் சிறு வில்லைகளைச் செய்திருக்கிறது. பார்வை நரம்புக்கு அருகில் கண்ணுக்குள் வளரும் கட்டிகளுக்காகவே, ஓரத்தில் வெட்டுவாய் விட்ட வில்லைகளும் அதில் உண்டு. 2020-ல் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் அதைப் பயன்படுத்தினார்கள். கழிவிலிருந்து கண்ணைக் காக்கும் மருந்து! மக்கள் பணத்தில் மக்களின் விஞ்ஞானிகள் செய்த காரியம் இது.

சென்னையில் 2019-ல் தனியார் துறையில் ஒரு புரோட்டான் மையம் திறக்கப்பட்டது. அங்கே கணக்கு லட்சக்கணக்கான ரூபாயில். பொதுத்துறையில் டாட்டா நினைவு மையத்தின் புரோட்டான் யந்திரம் மும்பைக்கு அருகில் 2023-ல் வேலை தொடங்கியது. ஆனால் ஒன்றை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு வரும் நரம்புறைக் கட்டிக்குப் புரோட்டான்தான் வேண்டும் என்பதில்லை. லினாக் என்று சொல்லப்படும் நவீன எக்ஸ்-கதிர் யந்திரமே நல்ல பலன் தருகிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் அது இருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்து மயங்கி யாரும் கையளவு நிலத்தை விற்க வேண்டியதில்லை.

அப்படியானால் தடை எங்கே?

பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து மலையிறங்கி வத்தலக்குண்டு வழியாக மதுரைக்குப் போனால் மொத்தம் 130 கிலோமீட்டருக்கும் மேல். காலையில் போய் மாலையில் திரும்பும் பாதை அல்ல அது. வைத்தியமோ வாரத்துக்கு 5 நாள், 6 வாரம். அதாவது மதுரையிலேயே தங்க வேண்டும். எங்கே தங்குவது? யாரோடு தங்குவது?

ஒரு கணக்குப் போடுவோம். நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 6 வாரத்தில் ஞாயிறு போக 36 நாள் வேலை. போகும் கூலி 14,400 ரூபாய். துணைக்குக் கணவனோ மகனோ வந்தால் அவர் கூலியும் போகும். ஆக 28,800 ரூபாய். அறை வாடகை, சாப்பாடு, பஸ் கட்டணம் தனி. வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளுக்கு அரிசி தனி. முதலாளி கொடுத்த முன்பணம் இருந்தால் அதற்கான நெருக்கடி தனி. இத்தனைக்கும் இங்கே வைத்தியத்துக்கு ஒரு காசுகூடச் செலவில்லை என்றே வைத்துக்கொண்டோம்!

"முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்குமே" என்பார்கள். இருக்கிறது, பலருக்கு உதவியும் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் யாருக்குப் போகிறது? ஆஸ்பத்திரிக்குப் போகிறது. சாலையோரம் துண்டை விரித்துப் படுக்கும் நோயாளிக்கு அதிலிருந்து 36 நாள் கூலி வருமா? வராது. ஆகவே அவள் என்ன செய்கிறாள்? "ஒரு கண்தானே, இன்னொன்று இருக்கிறதே" என்று சொல்லிக்கொண்டு வயலுக்குத் திரும்புகிறாள். அல்லது பத்து நாள் வைத்தியம் செய்துகொண்டு, பூண்டு எடுப்புக் காலம் வந்துவிட்டது என்று பாதியில் ஊர் திரும்புகிறாள். பாதி வைத்தியம் கட்டியை நிறுத்தாது. அவளைக் குருடாக்குவது கட்டி மட்டுமா? இல்லை. கூலி இல்லாத முப்பது நாளும் சேர்ந்தே அவளைக் குருடாக்குகிறது.

ஒரு கண் போதும் என்று சொல்பவர்கள் படிக்கட்டு வயலில் நடந்து பார்க்கட்டும். தூரமும் ஆழமும் இரண்டு கண்ணால்தான் சரியாகத் தெரியும். தலையில் சுமையோடு அடுத்த படியில் கால் வைக்கும்போது அதன் அருமை தெரியும். நூற்பு மில்லில் ஓடும் ரிங் பிரேமில் அறுந்த இழையைப் பிடித்து ஒட்டும் பெண்ணைக் கேளுங்கள், அவள் சொல்வாள்.

மில்லும் வயலும்

இங்கே நம் வாசகர்கள் இரு சாராரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 1948-ல் சட்டமாகி, 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955-ல் கோயம்புத்தூருக்கு வந்த திட்டம் அது. காப்பீடு பெற்ற தொழிலாளி நோயில் படுத்தால், சந்தாக் கணக்கு சரியாக இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கிறது. வைத்தியம் வேறு, நோய்க்கால ஊதியம் வேறு. இரண்டும் உரிமை என்பதை அந்தத் திட்டம் ஒப்புக்கொண்டது. மில் தொழிலாளிக்குக் கண் நரம்பில் கட்டி வந்தால் 6 வாரம் லீவு போட்டு, அடுப்பு அணையாமல் வைத்தியம் செய்துகொள்ள வழி உண்டு.

விவசாயத் தொழிலாளிக்கு? நலவாரிய உதவி, உழவர் பாதுகாப்புத் திட்ட உதவி என்று சில உண்டு. ஆனால் இழந்த கூலியில் இத்தனை சதவீதம் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் உரிமை இல்லை. அதே கண், அதே நரம்பு, அதே கட்டி. மில் வாசலுக்கு உள்ளே இருந்தால் ஒரு நியாயம், வயல் வரப்பில் இருந்தால் வேறு நியாயம்!

மில் தோழர்களும் "நமக்கு இருக்கிறது" என்று நிம்மதியடைந்துவிட முடியாது. ஒப்பந்தக்காரன் பட்டியலில் வேலை செய்பவர்கள், விடுதியில் அடைபட்டு வேலை செய்யும் இளம் பெண்கள் ஆகியோரில் எத்தனை பேருக்கு இ.எஸ்.ஐ. அட்டை கையில் இருக்கிறது? எத்தனை பேருக்குச் சந்தா ஒழுங்காகக் கட்டப்படுகிறது? மலையிலிருந்தும் மானாவாரிக் கிராமங்களிலிருந்தும் மில்லுக்குப் போகும் பெண்கள் யார்? வயலில் நிற்கும் தாயின் மகள்தானே! தாய்க்கு இல்லாத உரிமை மகளுக்கும் இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

"அரிய நோய்க்கு இவ்வளவா?"

ஆளும் தரப்பிலிருந்து ஒரு கேள்வி வரும்: "லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்காக இவ்வளவு செலவா?" இதற்கு நம் பதில் எளியது. யந்திரம் இந்த நோய்க்கு மட்டும் வாங்குவதல்ல. கருப்பை வாய், மார்பு, வாய், தொண்டை என்று நம் பெண்களையும் ஆண்களையும் அரிக்கும் புற்றுநோய்கள் பலவற்றுக்கும் இதே கதிர்வீச்சுத்தான் வைத்தியம். அவர்களுக்கும் வாரக்கணக்கில் தங்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கும் கூலி போகிறது. அரிய நோய்க்காரிக்கு ஒரு படுக்கை கேட்டால், ஆயிரம் பேருக்கும் சேர்த்தே கேட்கிறோம். 10 லட்சம் பேருக்கு ஒரு கதிர்வீச்சு யந்திரம் என்ற குறைந்த அளவைக்கூட இந்தியா இன்னும் எட்டவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

இது நடக்காத காரியமும் அல்ல. 2004-ல் கியூபாவும் வெனிசுலாவும் சேர்ந்து "அற்புத நடவடிக்கை" என்ற பெயரில் கண் வைத்தியத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. லத்தீன் அமெரிக்க நாடுகளின் ஏழைகளுக்கு அறுவை வைத்தியம் மட்டுமல்ல, போக்குவரத்தும் தங்குமிடமும் உணவும் இலவசமாகக் கொடுத்தன. அமெரிக்காவின் பொருளாதார முற்றுகைக்குள் இருந்த ஒரு சின்னஞ்சிறு தீவு செய்தது இது. பஸ் கட்டணமும் வைத்தியத்தின் ஒரு பகுதியே என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

நாம் கேட்பது

ஒன்று: ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் கண் முகாமிலும் புரையை மட்டும் பார்த்து அனுப்பக் கூடாது. ஒவ்வொரு கண்ணையும் தனியாகச் சோதிக்க வேண்டும். டார்ச் விளக்கை இரு கண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டிப் பாவை சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு பாட்டரி. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வந்தார்கள். அதே முறையில் கண்ணையும் கேட்க வேண்டும்.

இரண்டு: அரசுக் கதிர்வீச்சு மையங்களில் யந்திரம் மட்டும் போதாது. கதிர்வீச்சு மருத்துவர், மருத்துவ இயற்பியலாளர், தொழில்நுட்பர் இல்லாமல் அது ஓடக் கூடாது என்பது விதி. எல்லாப் பதவிகளையும் நிரந்தரமாக நிரப்பி, இரண்டு ஷிப்டு ஓட்ட வேண்டும். மில்லில் லாபத்துக்கு மூன்று ஷிப்டு ஓட்டும் நாட்டில், உயிருக்கு இரண்டு ஷிப்டு ஓட்டக் கூடாதா?

மூன்று: வைத்தியம் முடியும்வரை நோயாளிக்கும் துணைக்கும் மையத்துக்கு அருகில் இலவசத் தங்குமிடமும் உணவும் வேண்டும். மலைக் கிராமங்களிலிருந்து வந்துபோக முழுப் பஸ் கட்டணம் வேண்டும்.

நான்கு: மில் தொழிலாளிக்குள்ள 70 சதவீத நோய்க்கால ஊதியம் விவசாயத் தொழிலாளிக்கும் வேண்டும். கட்டி புற்றா, புற்றல்லவா என்று பெயர் பார்த்து மறுக்கக் கூடாது.

ஐந்து: மில்களில் ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் இ.எஸ்.ஐ. அட்டை கொடுக்க வேண்டும். வைத்தியத்துக்குப் போனவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது.

சங்கங்கள் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருக்க வேண்டாம். ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நம் செங்கொடியைப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். ஒரு கண்ணுக்குச் சிவப்பாகவும் மற்றக் கண்ணுக்கு வெளுத்தும் தெரிந்தால், தாமதிக்காமல் கண் டாக்டரிடம் போக வேண்டும். இப்படித் தெரிந்தாலே கட்டி என்று பயப்படத் தேவையில்லை. வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் காரணத்தை டாக்டர்தான் சொல்ல வேண்டும்; பக்கத்து வீட்டார் சொல்லக் கூடாது. கண்ணில் சாறு பிழிவதும் பச்சிலை வைப்பதும் இதைத் தீர்க்காது.

யாருக்காவது முப்பது நாள் கதிர்வீச்சு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், அதை அந்தக் குடும்பத்தின் சொந்தக் கவலை என்று விட்டுவிடாதீர்கள். மதுரையில் இருக்கும் மில் சங்கத் தோழர்கள் தங்க இடம் பார்த்துக் கொடுக்கட்டும். ஊரில் இருக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கம் முறை வைத்து அந்த வீட்டின் பிள்ளைகளையும் வயலையும் பார்த்துக்கொள்ளட்டும். காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று முதலிய தாள்களைச் சங்க அலுவலகம் எழுதிக் கொடுக்கட்டும். ஆனால் இந்த உதவியோடு நின்றுவிடக் கூடாது. தோழர்கள் தங்கள் கஞ்சியைப் பகிர்ந்துகொள்வது ஒற்றுமை. அந்தக் கஞ்சியைச் சர்க்காரிடம் உரிமையாகக் கேட்டு வாங்குவது போராட்டம். இரண்டும் வேண்டும்.

கொடைக்கானல் மலைத் தொழிலாளிக்குப் போராட்டம் புதிதல்ல. 2001-ல் மூடப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலையின் தொழிலாளர்கள், தங்கள் உடல்நலத்துக்கு ஈடு கேட்டுப் பதினைந்து ஆண்டுகள் விடாமல் நின்று 2016-ல் கம்பெனியை உடன்பாட்டுக்கு வரவைத்தார்கள். அவர்கள் முதலாளியின் கையிலிருந்து வாங்கினார்கள். நாம் சர்க்காரின் கையிலிருந்து வாங்க வேண்டும்.

யந்திரம் இருக்கிறது. படித்த டாக்டர் இருக்கிறார். நோயைத் தடுத்து நிறுத்தும் அறிவு இருக்கிறது. இல்லாதது 36 நாள் கூலி; ஒரு கூரை; இரண்டு வேளைச் சோறு. இவ்வளவு சிறிய விஷயத்துக்காக ஒரு தொழிலாளியின் பார்வை அணைய வேண்டுமா? கூடாது என்று மில்லும் வயலும் ஒரே குரலில் சொல்லட்டும்.